அம்மா கூப்பிட்டால் மேல்மாடிக்குக் கேட்க வேண்டும்

கேள்வி: வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமான ஓர் ஒழுங்கையில் எங்கள் வீடு. கீழ்த்தளமும் மேலே இரண்டு மாடிகளும். 78 வயதான அம்மா கீழே இருக்கிறார். நானும் கணவரும் முதலாம் மாடியில். உயர்தரம் படிக்கும் மகளும் தரம் எட்டில் படிக்கும் மகனும் அதற்கு மேலே. அம்மா கூப்பிட்டால் மேலே கேட்பதில்லை. போனைத் தந்தால் எங்கேயாவது வைத்துவிடுகிறார். போன மாதம் இரவில் பாத்ரூமில் விழுந்துவிட்டார். மகன் தண்ணீர் குடிக்க இறங்கிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. டொரண்டோவில் இருக்கும் என் தம்பி, ஒவ்வோர் அறைக்கும் ஒரு ஸ்மார்ட் திரை, கேட்டுக்குக் கமரா பெல், பூட்டு எல்லாம் வாங்கி அனுப்புவதாகச் சொல்கிறான். அங்கிருந்தே நினைத்த நேரத்தில் அம்மாவைப் பார்க்கலாமாம், லைட்டும் மோட்டரும் போனிலேயே போடலாமாம். மகளோ தன் அறைக்கு அது வேண்டவே வேண்டாம் என்று அழுகிறாள். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். வீட்டில் திருத்த வேலை நடக்கிறது. அடுத்த வாரம் சுவர் பூசப் போகிறார்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, கொழும்பு 6

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் அவசரமான விஷயம் சுவர். பூசும் வேலையை இரண்டு நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். மேசன் பாஸ் முகம் சுளிப்பார், பரவாயில்லை. எந்தச் சாமான் வாங்குவது என்று ஆறுதலாக யோசிக்கலாம். மாடிக்கு மாடி கதைக்கும் இன்டர்கொம் வயர் போக வழியை இப்போது விட்டால்தான் உண்டு. கேட்டிலிருந்து கீழ் ஹோலுக்கு ஒரு பைப். அம்மாவின் கட்டில் பக்கத்திலிருந்தும் பாத்ரூமிலிருந்தும் படிக்கட்டு வரைக்கும் இன்னொன்று. படிக்கட்டிலிருந்து இரண்டு மாடிகளுக்கும் ஒவ்வொன்று. எல்லாவற்றிலும் சிஏடி-6 என்று கேட்டு வாங்கும் நெட்வொர்க் வயரை இரட்டையாக இழுத்து விடுங்கள். வாங்கும்போது முழுச் செப்பா என்று பாருங்கள். அலுமினியக் கம்பிக்குச் செப்பு முலாம் பூசி மலிவாக விற்கும் வயர் புறக்கோட்டையில் தாராளமாகக் கிடைக்கிறது. அது வளைத்தால் முறியும், தூரம் போகப் போக மின்னழுத்தமும் குறைந்துவிடும். 230 வோல்ட் வயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து இழுக்க யார் சொன்னாலும் விடாதீர்கள். இரைச்சல் வருவது ஒரு பக்கம். எங்காவது காப்பு உரிந்தால் கையில் பிடிக்கும் ரிசீவருக்கே கரண்ட் வந்துவிடும். பூச முதல், சுவரில் அளவு நாடாவைப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். நாளைக்கு யாராவது ஆணி அடிக்கும்போது உதவும்.

சரி, இனித் தம்பியின் யோசனைக்கு வருவோம். அவருடைய அக்கறை எனக்கு நன்றாக விளங்குகிறது. தூரத்தில் இருக்கிறவருக்கு அம்மா விழுந்த செய்தி எப்படி இருந்திருக்கும்! ஆனால் அவர் சொல்லும் ஒரே பெட்டிக்குள் மூன்று வேறு வேலைகள் அடைபட்டிருக்கின்றன. மாடிக்கு மாடி கதைப்பது ஒன்று, கேட்டைத் திறப்பது ஒன்று, லைட், மோட்டரைக் கையாள்வது இன்னொன்று. லைட் எரியாவிட்டால் எழுந்துபோய் சுவிட்சைப் போடலாம். அம்மாவின் குரல் மேலே வராவிட்டால் அதற்கு மாற்று இல்லை. அதனால் மூன்றையும் ஒரே வைஃபையிலும் ஒரே நிறுவனத்தின் சேவையிலும் தொங்கவிடுவதை நான் ஏற்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு, கண்ணாடி போடாமல், இருட்டில், கரண்ட் இல்லாத நேரத்தில் உங்கள் அம்மாவால் மேலே இருப்பவரை எழுப்ப முடியுமா? எந்தச் சாமானையும் இந்தக் கேள்வியை வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

ஆகவே முதல் காசை அவசர அழைப்புக்குச் செலவழியுங்கள். பாத்ரூமில் கயிறு இழுக்கும் அழைப்பு மணி ஒன்று பூட்டுங்கள். பெரும்பாலான வீடுகளில் அந்தக் கயிற்றை நிற்பவரின் கைக்கு எட்டும் உயரத்தில் கட்டிவிடுகிறார்கள், அல்லது துடைக்க இடைஞ்சல் என்று சுருட்டி மேலே செருகிவிடுகிறார்கள். விழுந்தவருக்கு அது எட்டாது. பிரிட்டனின் கட்டட விதிகளில், கயிற்றில் இரண்டு சிவப்பு வளையங்கள் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது: ஒன்று 80 சென்டிமீட்டருக்கும் 100 சென்டிமீட்டருக்கும் இடையில், மற்றது தரையிலிருந்து 10 சென்டிமீட்டரில். அதையே நீங்களும் செய்யுங்கள். கட்டிலோரம் ஒரு பொத்தான், கழுத்திலோ கையிலோ கட்டும் சிறிய பொத்தான் ஒன்று. இவை பட்டரியில் ஓடுபவை, வயர் தேவையில்லை. மணி அடிக்கும் பெட்டி மட்டும் இரண்டு வேண்டும்: உங்கள் அறையில் ஒன்று, பிள்ளைகளின் மாடியில் ஒன்று. கரண்ட் போனாலும் அடிக்கக்கூடிய, உள்ளே பட்டரி உள்ள பெட்டியாகக் கேளுங்கள். இரண்டு கொங்கிரீட் தளங்களைத் தாண்டி சிக்னல் போகவேண்டும் என்பதால், பாத்ரூம் கதவை மூடிக்கொண்டு உள்ளிருந்து அழுத்திப் பார்த்தபிறகே காசைக் கொடுங்கள். மேல்மாடிக்குப் போகவில்லை என்றால், நான் மேலே சொன்ன பைப் வழியே வயரில் இழுத்துவிடலாம். மாதம் ஒருமுறை அம்மாவையே இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கைக்கும் பழக வேண்டும் அல்லவா? கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே ஆள் நடந்தால் எரியும் சிறிய லைட் இரண்டு, முழங்கால் உயரத்துக்குக் கீழே. விழாமல் இருப்பதற்கு நான் சிபாரிசு செய்யும் சாமான்களில் மிக மலிவானது இதுதான்.

இவற்றுக்கு இன்டர்நெட்டே தேவையில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

அடுத்தது கதைப்பது. ஸ்மார்ட் திரைகளை அம்மா பேசி இயக்கலாம் என்று தம்பி நினைத்திருந்தால், அமேசானின் குரல் உதவியாளரான அலெக்சாவுக்குத் தமிழில் கட்டளை கொடுக்க முடியாது. இந்திய மொழிகளில் இந்தி புரிகிறது, தமிழ் புரிவதில்லை. திரையைத் தொட்டு, பட்டியலைத் தேடி, பெயரைத் தட்டி ஆளைக் கூப்பிடும் வேலையை 78 வயதில் அவர்மேல் ஏற்றாதீர்கள். நான் சொல்வது வயரில் ஓடும் வீடியோ இன்டர்கொம் தொகுதி: கேட்டில் ஒரு கமராப் பெட்டி, ஒவ்வொரு தளத்திலும் சுவரில் ஒரு மொனிட்டர். மொனிட்டருக்கு மொனிட்டர் கதைக்கும் வசதி உள்ள தொகுதியா என்று கேட்டு வாங்குங்கள். சில தொகுதிகளில் கேட்டோடு மட்டும்தான் கதைக்கலாம். கீழே அம்மாவுக்கு, கையில் எடுத்துக் காதில் வைக்கும் ரிசீவர் உள்ளதாகத் தெரிவு செய்யுங்கள். கைதொடாமல் கதைக்கும் மொனிட்டர் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் வயது போகப் போக முதலில் மங்குவது உயர்ந்த சுருதி ஒலிகள். ச, ஸ, ப, த போன்ற எழுத்துகள்தான் காதில் நழுவும். டைல் போட்ட அறையில் எதிரொலியும் சேர்ந்தால், சத்தம் கேட்கும், சொல் விளங்காது. அம்மாவுக்குக் காது மந்தமில்லை என்று நீங்கள் சொன்னாலும் கடையில் அவரை வைத்தே சோதித்துப் பாருங்கள். மணி அடிக்கும்போது லைட்டும் மின்னும் வகை கிடைத்தால் இன்னும் நல்லது.

வயர் இழுக்க எப்படியும் முடியாது என்றால், அடுத்த தெரிவு டெக்ட் வகைக் கோட்லெஸ் போன். ஓர் அடிப்பெட்டி, மூன்று கைப்பேசிகள். டெலிபோன் லைன் இல்லாமலே ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கூப்பிடலாம். ஆனால் இதை டொரண்டோவில் வாங்கக் கூடாது. வட அமெரிக்காவில் விற்பவை 1920 முதல் 1930 மெகாஹேர்ட்ஸ் வரை வேலை செய்பவை. ஐரோப்பிய வகை 1880 முதல் 1900 வரை. வட அமெரிக்க அலைவரிசை, நம் நாட்டில் கைத்தொலைபேசி வலையமைப்புகளுக்கு ஒதுக்கியிருக்கும் பட்டையில் போய் மோதும். இஸட்-வேவ் என்ற ரேடியோ முறையில் ஓடும் பூட்டுகளுக்கும் இதே பிரச்சினை: அங்கே 908 மெகாஹேர்ட்ஸ், ஐரோப்பாவில் 868. அவர் அன்போடு அனுப்பும் பெட்டி இங்கே சட்டப்படியும் பிழையாகிவிடக்கூடும்.

கேட் பெல்லில் இன்னும் பெரிய ஆபத்து இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் வீட்டு பெல்லுக்கு 16 முதல் 24 வோல்ட் வரையான சிறிய ட்ரான்ஸ்போமர் இருக்கும். அங்கே விற்கும் வயர் வகை கமரா பெல்கள் அதை நம்பிச் செய்யப்பட்டவை. கொழும்பின் பழைய வீடுகளில் பெல் சுவிட்ச்சுக்கு நேரே 230 வோல்ட்தான் போகிறது. பழைய பெல்லைக் கழற்றிவிட்டு அதே இரண்டு வயரில் புதியதைக் கொழுவினால் சாமான் எரியும். ஆள் தொடும் இடத்தில் எரியும் என்பதுதான் என் பயம். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, ஏர்த் சரியா என்று இந்தச் சந்தர்ப்பத்திலேயே தகுதியுள்ள ஒரு மின்னியலாளரைக் கொண்டு பாருங்கள்.

கடலுக்கு இவ்வளவு பக்கத்தில் இருக்கிறீர்கள். உப்புக் காற்று கேட் பெட்டியை இரண்டு மழைக்காலத்துக்குள் தின்றுவிடும். தூசியும் தண்ணீரும் புகாத ஐபி 65 தரமும் துருப்பிடிக்காத முகப்பும் உள்ளதாகப் பாருங்கள், வயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோனால் அடைக்கச் சொல்லுங்கள், மேலே ஒரு சிறிய கூரை வைத்துவிடுங்கள். சித்திரை மாதத்திலும், ஐப்பசி கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி மின்னல் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கேட்டிலிருந்து வரும் நீள வயர் அந்த அதிர்ச்சியை நேரே மொனிட்டருக்குக் கொண்டுவரும். மின்னெழுச்சித் தடுப்பான் ஒன்றை வயர் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் போடாமல் இந்த வேலையை முடிக்க விடாதீர்கள்.

பூட்டு விஷயத்தில் ஒரு கேள்வியைக் கடைக்காரரிடம் கட்டாயம் கேளுங்கள்: கரண்ட் போனால் இது திறந்து கிடக்குமா, மூடிக் கிடக்குமா? காந்தப் பூட்டு கரண்ட் போன மறுகணமே விட்டுவிடும். தெருவோரச் சிறிய கேட்டுக்கு, கரண்ட் இல்லாவிட்டாலும் மூடியே இருக்கும் வகையும், உள்ளிருந்து கையால் திறக்கும் கொண்டியும், வெளியிலிருந்து சாதாரணச் சாவியும் வேண்டும். தீ பிடித்தாலோ அம்புலன்ஸ் வந்தாலோ யாரும் போனைத் தேடிக்கொண்டு நிற்கக் கூடாது. குரலால் திறக்கும் வசதியை எந்தக் காரணத்துக்கும் இயக்காதீர்கள்.

கரண்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் இந்த நாட்டில் அதைக் கேட்காமல் இன்டர்கொம் வாங்க முடியாது. 2022 மார்ச் 31ஆம் திகதி 13 மணிநேரம் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததில் நாடு முழுவதும் இருண்டு, பின்னேரமாகித்தான் படிப்படியாக வந்தது. வயர் இன்டர்கொம்கள் பெரும்பாலும் 12 அல்லது 24 வோல்ட் நேரோட்ட மின்னில் (டிசி) ஓடுபவை என்பதால் பட்டரி கொடுப்பது சுலபம். 12 வோல்ட், 7 அம்பியர்-மணிநேரப் பட்டரி ஒன்றில் 84 வாட் மணிநேரம் இருக்கிறது. தொகுதி 10 வாட் எடுத்தால் கணக்குப்படி எட்டு மணிநேரம். நடைமுறையில் ஐந்து, ஆறு என்று வையுங்கள். ரவுட்டருக்குத் தனியாக ஒரு மினி யுபிஎஸ் போடுங்கள். 2022க்குப் பிறகு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாப் பக்கம் போனால் அது இல்லாத கடை அரிது. பட்டரியை இரண்டு, மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றும் திகதியைப் பெட்டியிலேயே எழுதி ஒட்டுங்கள்.

இன்டர்நெட் மட்டும் இருந்தால் போதும் என்றும் இல்லை. 2025 ஒக்டோபர் 20ஆம் திகதி அமேசானின் சேவையகங்கள் தடுமாறியபோது அமேசானுக்குச் சொந்தமான ரிங் கமரா பெல்களும் அலெக்சாவும் உலகின் பல இடங்களில் மணிக்கணக்கில் வேலை செய்யவில்லை. 2016இல் ரிவோல்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுப் பெட்டியின் சேவையை, அதை வாங்கிய நெஸ்ட் நிறுவனம் மே மாதத்தோடு நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் பெட்டிதான் மிஞ்சியது. எனவே கேட்டும் குரலும் வீட்டுக்குள்ளேயே ஓடட்டும். போனுக்கும் வந்தால் வசதி, வராவிட்டாலும் வீடு நடக்க வேண்டும்.

இனி மகள். நீங்கள் இதைக் கடிதத்தில் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு இதுதான் கனமான விஷயம். ஸ்மார்ட் திரைகளில், மறுபக்கம் எடுக்காமலே நேரே அறைக்குள் நுழைந்து கேட்கவும் பார்க்கவும் ஒரு வசதி இருக்கிறது. அலெக்சாவில் அதற்கு ட்ரொப் இன் என்று பெயர். தம்பி சொல்லும் 'நினைத்த நேரத்தில் பார்ப்பது' அதுதான். உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பெண்பிள்ளையின் அறையில், அவள் தூங்கும், உடுத்தும், தோழியோடு கதைக்கும் இடத்தில் எப்போதும் விழித்திருக்கும் கமராவும் மைக்கும் வேண்டாம் என்று அவள் சொல்வது பிடிவாதம் இல்லை. 2023இல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு, ரிங் நிறுவனத்தின் ஊழியர்களும் ஒப்பந்தக்காரர்களும் வாடிக்கையாளர்களின் அந்தரங்க வீடியோக்களைப் பார்க்க முடிந்தது என்று குற்றஞ்சாட்டியது. 58 இலட்சம் டொலரில் அது தீர்க்கப்பட்டது. அதே சமயத்தில், பிள்ளைகளின் குரல் பதிவுகளை அழிக்காமல் வைத்திருந்ததாக அலெக்சா தொடர்பில் அமேசான்மேல் வந்த வழக்கு இரண்டரைக் கோடி டொலரில் முடிந்தது. 2018இல் போர்ட்லண்டில் ஒரு தம்பதியின் வீட்டுப் பேச்சை அலெக்சா ஓடும் எக்கோ ஸ்பீக்கர் தானாகப் பதிந்து, அவர்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு அனுப்பியதும் நடந்தது. உங்கள் மகள் இவற்றையெல்லாம் வாசித்திருக்கவும் கூடும். அவளைக் கூப்பிட்டு, அறைக்கு வெளியே படிக்கட்டு வாசலில் மொனிட்டர் இருக்கும், மணி அடிக்கும், நீ எடுத்தால்தான் கதை தொடங்கும் என்று சொல்லுங்கள். பரீட்சைக் காலத்தில் மணியைக் குறைத்துவைக்கும் உரிமையும் அவளுடையது. அவசர மணி மட்டும் குறையாது. அதை அவளும் மறுக்கமாட்டாள்.

அம்மாவைக் கேட்டீர்களா? அவருடைய அறையில் கமரா வைப்பது பற்றி நீங்களும் தம்பியும் கதைத்திருக்கிறீர்கள். அவர் என்ன சொன்னார் என்று கடிதத்தில் இல்லை. பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்படுபவர்களும் இருக்கிறார்கள், சேலை மாற்றக் கூசுபவர்களும் இருக்கிறார்கள். கேட்டுத்தான் தெரிய வேண்டும். சமையலுக்கோ துப்புரவுக்கோ ஆள் வருவதாக இருந்தால் அவருக்கும் எந்த இடத்தில் கமரா, எந்த இடத்தில் மைக் என்று காட்டிச் சொல்லிவிடுங்கள். குசினியில் ஒலி பிடிக்கும் எதையும் வைக்காதீர்கள். கேட் கமராவை உங்கள் வாசலுக்கு மட்டும் திருப்புங்கள். ஒழுங்கை ஒடுக்கம், எதிர்வீட்டு முன் அறை அப்படியே திரையில் விழும்.

லைட், மோட்டர் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படிக்கட்டு லைட்டுக்கு மேலும் கீழும் போடும் இருவழி சுவிட்ச் போதும். தண்ணீர் மோட்டரைப் போனால் இயக்கும் ஸ்மார்ட் பிளக்கில் கொழுவ வேண்டாம். ஒரு குதிரைவலு மோட்டர் ஓடும்போது ஐந்து அம்பியர்தான் எடுக்கும், தொடங்கும் கணத்தில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும், 10 அம்பியர் பிளக்கின் உள் தொடுப்பு உருகி ஒட்டிவிடும். டாங்கியில் மிதவை சுவிட்ச் போட்டால் போனே தேவையில்லை. கீசரையும் ஸ்மார்ட் பிளக்கில் கொழுவ வேண்டாம்.

தம்பிக்கு என்ன சொல்வது? அவருக்கு அம்மாவின் முகம் வேண்டும், அது நியாயம். கீழ் ஹோலில், கமராவை மூடும் தட்டு உள்ள ஒரு டப்லெட்டை நிறுத்திவையுங்கள். அம்மா விரும்பும்போது நீங்கள் தட்டைத் திறந்துவிடலாம். டொரண்டோவில் கோடைக்காலத்தில் இரவு ஒன்பதரை என்றால் இங்கே மறுநாள் காலை ஏழு, குளிர்காலத்தில் எட்டு. அம்மா தேத்தண்ணீர் குடிக்கும் நேரத்தோடு அது பொருந்தினால் தினமும் அந்த நேரத்தில் அழைக்கச் சொல்லுங்கள். திரைகளுக்கு ஒதுக்கிய காசை இங்கே அனுப்பிவிட்டால் வயர், பட்டரி, பூட்டுவோரின் கூலி எல்லாவற்றுக்கும் உதவும். பழுதானால் திருத்தித்தர ஆளும் பாகமும் கொழும்பிலேயே இருக்கும்.

எல்லாம் பூட்டி முடிந்ததும், ஒவ்வொரு மொனிட்டர் பக்கத்திலும் பெரிய எழுத்தில் சுவசெரிய அம்புலன்ஸ் 1990, பொலிஸ் 119, தீயணைப்பு 110, உங்கள் போன் இலக்கம், வீட்டு இலக்கம், ஒழுங்கையின் பெயர் எல்லாவற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் போன் எடுப்பவர் வீட்டுக்கு வந்திருக்கும் ஒரு விருந்தாளியாகக்கூட இருக்கலாம்.